பாரன் தீவு வெடித்தால் பழவேற்காட்டுக்குத் தண்ணீர் வருமா?

பழவேற்காட்டுக் குப்பங்களில் சுனாமி பேச்சு எடுத்தால் ஒரு கேள்வி வரும்: "அந்தமான்ல எரிமலை இருக்காமே, அது வெடிச்சா இங்கயும் தண்ணி ஏறுமா சார்?" நியாயமான கேள்விதான். லைட்ஹவுஸ் குப்பம், கூனங்குப்பம் எல்லாம் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல்திட்டில் இருக்கிற ஊர்கள்.

அவர்கள் சொல்வது பாரன் தீவு. போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கி.மீ. 1787இல் வெடித்ததற்குப் பதிவு இருக்கிறது. 1832க்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் சத்தமில்லை. 1991இல் மறுபடி எழுந்தது. 2005, 2017லும் புகைந்தது. கடலுக்கு மேலே தெரிவது 350 மீட்டர்தான், உடம்பு இரண்டு கி.மீ.க்கு மேல் நீருக்கடியில்.

பூமிக்குள் நெருப்புக் குழம்பு கடல் மாதிரி கிடக்கிறது, ஓட்டை கிடைத்தால் பொங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. நமக்குக் கீழே இருக்கும் மேன்டில் பயங்கர சூடு, ஆனாலும் திடமான பாறை. அது உருக வேண்டுமென்றால் மேலிருக்கும் அழுத்தம் குறைய வேண்டும், அல்லது அதற்குள் தண்ணீர் போக வேண்டும். தக்காணத்தில் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது முதல் வகை. பாரன் தீவில் நடப்பது இரண்டாவது. பழவேற்காடு உட்கார்ந்திருக்கும் அதே இந்தியத் தட்டின் கிழக்கு விளிம்பு அந்தமானுக்கடியில் சொருகிக்கொண்டு போகிறது. போகும்போது கடல்நீரைத் தன் தாதுக்களில் சுமந்து செல்கிறது. ஏறக்குறைய 100 கி.மீ. ஆழத்தில் அந்த நீர் பிழியப்பட்டு மேலே உள்ள பாறைக்குள் ஏறுகிறது. ஐஸ் பெட்டியில் உப்பு போட்டால் ஐஸ் சீக்கிரம் உருகுமே, அதே கணக்குதான்: தண்ணீர் சேர்ந்த பாறை குறைந்த சூட்டிலேயே உருகிவிடும்.

வெளியே வரும் லாவாவின் குணத்தைப் பெரும்பாலும் சிலிக்காதான் தீர்மானிக்கிறது. பாதியளவு சிலிக்கா இருந்தால் பசால்ட். 1,100 டிகிரிக்கு மேல் சூடு, நன்றாக ஓடும். வழவழவென்று கயிறு முறுக்கினாற்போல் உறைந்தால் 'பாஹோய்ஹோய்'. கரடுமுரடாக, கால் வைத்தால் கிழிக்கும்படி உறைந்தால் 'ஆ-ஆ'. இரண்டும் ஹவாய்க்காரர்கள் வைத்த பெயர்கள். பாரனில் அதிகம் ஆ-ஆ தான். சிலிக்கா கூடக்கூடக் குழம்பு கெட்டியாகும், வாயு வெளியேற வழியில்லாமல் ஒரேயடியாக வெடிக்கும். 1883இல் கிரக்கட்டோவா அப்படி வெடித்ததுதான்.

ஆகவே பாரனைப் பற்றி எனக்குப் பெரிய பயமில்லை. ஓடுகிற லாவா, இடையில் அந்தமான் தீவுகள், அதற்கப்புறம் ஆயிரம் கி.மீ.க்கு மேல் கடல். 2004 அலை எரிமலையால் வந்ததில்லை. அதே தட்டுகள் சுமத்ரா பக்கம் வழுக்கியதால் வந்தது. அன்று நிலநடுக்கத்துக்கும் அலை நம் கரையைத் தொட்டதற்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, எச்சரிக்கத்தான் அமைப்பு இல்லை. 2007 முதல் ஹைதராபாத்தில் இன்காய்ஸ் மையம் அந்த வேலையைச் செய்கிறது.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. 2018 டிசம்பர் 22 அன்று இந்தோனேசியாவில் அனாக் கிரக்கட்டோவாவின் ஒரு பக்கம் சரிந்து கடலில் விழுந்தது. முன்னறிவிக்கப் பெரிய நிலநடுக்கம் எதுவுமில்லை. 400 பேருக்கு மேல் இறந்தார்கள்.