தோட்டா முதலில், துப்பாக்கி பிறகு

ஏகே-47, எம்-16, இன்சாஸ் என்று துப்பாக்கிகளின் பெயர்கள் நமக்கெல்லாம் தெரியும். அவற்றுக்குள் போகும் தோட்டாவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் ஒரு ரைஃபிளின் எடை, நீளம், தோளில் விழும் உதை, மேகசினின் வளைவு எல்லாவற்றையும் முடிவு செய்வது அந்தச் சிறிய பொருள்தான். தோட்டாவைத் தீர்மானித்துவிட்டால் துப்பாக்கியின் பாதி வடிவமைப்பு அப்போதே முடிந்துவிடுகிறது.

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். கூடு (பெரும்பாலும் பித்தளை), அதன் அடியில் தட்டினால் தீப்பற்றும் சிறு மூடி, உள்ளே வெடிமருந்து, வாயில் செருகிய குண்டு. 7.92×57 என்று குறிப்பிட்டால் முதல் எண் குழல் துளையின் அளவு, இரண்டாவது எண் கூட்டின் நீளம். இரண்டுமே மில்லிமீட்டரில்.

இந்த 7.92×57 தோட்டாவோடுதான் ஜெர்மன் காலாட்படை இரண்டாம் உலகப் போருக்குள் நுழைந்தது. ஏறத்தாழ 12.8 கிராம் எடையுள்ள குண்டு நொடிக்கு 750 மீட்டருக்கு மேல் பாயும்; ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். ஆனால் வீரர்கள் உண்மையில் சுட்டுக்கொண்டது பெரும்பாலும் 400 மீட்டருக்குள். சப்மெஷின் துப்பாக்கியின் கதை நேரெதிர். கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சரமாரியாகப் பொழியும், ஆனால் 200 மீட்டரில் அதை நம்ப முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒன்று தேவைப்பட்டது. ஜெர்மானியர்கள் துளை அளவை மாற்றாமல் கூட்டை 33 மில்லிமீட்டராகக் குறைத்தார்கள். குண்டும் 8 கிராமுக்கு இறங்கியது. பழைய எந்திரங்களையே பயன்படுத்த முடிந்தது. அந்தக் குட்டைத் தோட்டாவைச் சுற்றி ஹூகோ ஷ்மைசர் உருவாக்கிய துப்பாக்கிக்கு 1944இல் ‘ஸ்டுர்ம்கெவேர்’ என்று பெயர் வைத்தார்கள். ரைஃபிளும் சப்மெஷின் துப்பாக்கியும் கலந்த இனம் அது. (ரஷ்யாவில் விளாதிமிர் ஃபியோதரவ் முதல் உலகப் போரின்போதே, உதை குறைந்த ஜப்பானின் 6.5 மில்லிமீட்டர் தோட்டாவை எடுத்து ஒரு தானியங்கி ரைஃபிள் செய்திருந்தார். அது சில ஆயிரங்களோடு நின்றுபோனது.)

தோட்டாவின் வலிமையைக் குறைப்பதில் அப்படி என்ன லாபம்? இங்கேதான் இயற்பியலின் அழகான ஒரு கணக்கு இருக்கிறது. குண்டு முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. அந்த உதை குண்டின் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. ஆனால் குண்டு சுமந்து செல்லும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வேகம் இரு மடங்கானால் உதை இரு மடங்கு, ஆற்றலோ நான்கு மடங்கு. ஆகவே குண்டை இலகுவாக்கி வேகத்தைக் கூட்டினால் ஆற்றலைப் பெரிதாக இழக்காமலே உதையைக் குறைக்கலாம். ஏகேயின் 7.62×39 தோட்டாவில் 8 கிராமுக்குச் சற்றுக் குறைந்த குண்டு நொடிக்கு 715 மீட்டர் போகிறது. நேட்டோவின் 5.56×45 தோட்டாவில் 4 கிராம் குண்டு 940 மீட்டர் போகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆற்றலில் எட்டில் ஒரு பங்குதான் குறைவு. குண்டினால் வரும் உதையோ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதற்கு ஒரு விலையும் உண்டு. இலகுவான குண்டின் வேகத்தைக் காற்று சீக்கிரம் தின்றுவிடும். பக்கக் காற்றிலும் அது அதிகம் விலகும்.

ஏகேயின் மேகசின் ஏன் வாழைப்பழம்போல வளைந்திருக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அதற்கும் விடை தோட்டாவில்தான். 7.62×39 கூட்டைக் கையில் உருட்டிப் பார்த்தால் அடி அகன்று மேலே போகப்போகக் குறுகுவது தெரியும். வெடிக்கும்போது கூடு விரிந்து, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. பிறகு சுருங்கி விடுபட வேண்டும். சோவியத்துகள் பயன்படுத்திய எஃகுக் கூடு பித்தளை அளவுக்குச் சுருங்காது. கூம்பு வடிவமாக இருந்தால் சற்று இழுத்தாலே கழன்று வந்துவிடும். கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வரிசை தானாகவே வளைகிறது. நம் திருச்சி படைக்கலத் தொழிற்சாலையில் தயாராகும் ‘திருச்சி அசால்ட் ரைஃபிள்’ இதே தோட்டாவைத்தான் சுடுகிறது. அதன் மேகசினிலும் அதே வளைவு.

நேட்டோவில் நடந்தது வருத்தம் தரும் கதை. பிரிட்டன் 7 மில்லிமீட்டரில் ஒரு நடுத்தரத் தோட்டாவையும் அதற்கான இஎம்-2 ரைஃபிளையும் உருவாக்கி 1951இல் ஏற்கவும் செய்தது. என் மதிப்பில் அந்தக் காலத்தின் மிகச் சிறந்த சமநிலை அதுதான். அமெரிக்கா முழு வலிமைத் தோட்டாதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. சர்ச்சில் அரசு பின்வாங்கியது, 7.62×51 நேட்டோவின் பொதுத் தோட்டாவானது. அதற்காகச் செய்த எம்-14 ரைஃபிளைத் தொடர்ந்து சுட்டால் கட்டுப்படுத்தவே முடியவில்லை. தானியங்கி வசதியைப் பூட்டித்தான் பெரும்பாலான வீரர்களுக்குக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அமெரிக்கா 5.56க்குத் தாவியது.

தாவிய இடத்திலும் ஒரு பாடம் காத்திருந்தது. வியட்நாமுக்குப் போன 5.56 ரைஃபிளான எம்-16, தோட்டாவின் வெடிமருந்தை மாற்றிய பிறகு வந்தது. புதிய மருந்து துப்பாக்கியின் சுடும் வேகத்தைக் கூட்டியது, உள்ளே கசடும் சேர்ந்தது. அறைக்குக் குரோமியப் பூச்சு இல்லை. சண்டையின் நடுவில் கூடுகள் சிக்கிக்கொண்டன. வீரர்கள் உயிரை இழந்தார்கள். 1967இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதை விசாரித்துக் கடுமையாகக் கண்டித்தது. வெளியிலிருந்து பார்த்தால் துப்பாக்கியில் பெரிய மாற்றம் எதுவுமில்லை. மாறியது தோட்டாவுக்குள் இருந்த தூள்.

இப்போது கலப்பினம் கூட்டுக்கே வந்துவிட்டது. 2022 ஏப்ரலில் அமெரிக்கத் தரைப்படை தேர்ந்தெடுத்த 6.8×51 தோட்டாவின் அடி எஃகு, உடல் பித்தளை. குட்டையான குழலிலிருந்து அதிக வேகம் வேண்டுமானால் அறைக்குள் அழுத்தம் கூட வேண்டும். இந்தத் தோட்டாவில் அது 80,000 பிஎஸ்ஐ. கார் டயரில் இருப்பதைப்போல ஏறத்தாழ 2,500 மடங்கு. கூட்டின் மற்ற பகுதியை அறையின் சுவர் தாங்கிக்கொள்கிறது. அடிப்பகுதிக்கு அந்த ஆதரவு முழுமையாக இல்லை. வெறும் பித்தளை அங்கே கிழிந்துவிடும். அதனால்தான் எஃகு. நவீன உடற்கவசத்தைத் துளைக்கவும், ஆப்கானிஸ்தானில் கண்டதுபோன்ற நீண்ட தூரங்களுக்கும் இந்த வலிமை தேவை என்பது அவர்கள் வாதம்.

கூட்டின் பொறியியலை மனமாரப் பாராட்டுகிறேன். தோட்டாவின் அளவை ஏற்க முடியவில்லை. 5.56 தோட்டா ஒன்று ஏறத்தாழ 12 கிராம். அதைச் சுடும் எம்-4 வைத்திருந்த வீரர் வழக்கமாக 210 தோட்டாக்கள் சுமந்தார். 6.8×51 சுடும் புதிய எம்-7 ரைஃபிளுக்கு 140தான், அதற்கே சுமை கூடுகிறது. சப்ரஸரோடு (ஒலி குறைப்பான்) துப்பாக்கியின் எடையும் நாலரைக் கிலோவை எட்டுகிறது. எம்-14 காலத்துத் தவறின் பக்கமாகவே இது மீண்டும் சாய்கிறது. இதே எஃகு அடிக் கூட்டை 6 மில்லிமீட்டர் அளவில் ஒரு சிறிய தோட்டாவுக்குப் பயன்படுத்தியிருந்தால், 1951இல் கைவிட்ட அந்த நடுவழி இன்னும் மேம்பட்ட வடிவில் வீரரின் கைக்கு வந்திருக்கும்.