தருமபுரியின் எண்

மாணவச் செல்வங்களே, ஏழு இலக்க எண் ஒன்றைக் கரும்பலகையில் எழுதினால் போதும், வகுப்பில் ஒருவித அச்சம் பரவுவதை நெடுங்காலம் கண்டிருக்கிறேன். அந்த அச்சம் தேவையற்றது. நம் தருமபுரி மாவட்டத்தின் எண்ணையே எடுத்துக்கொள்வோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இம்மாவட்ட மக்கள் தொகை 15,06,843.

ஈற்றிலக்கம் 3, ஆகவே ஒற்றைப்படை எண். இலக்கங்களைக் கூட்டினால் 27 வருகிறது. 27 என்பது 9ஆல் வகுபடுவதால் நம் எண்ணும் 9ஆல் வகுபடும். ஏனெனில் 10, 100, 1000 ஆகிய ஒவ்வொன்றையும் 9ஆல் வகுத்தால் மீதி 1தான். ஆதலால் 800 என்பதற்கும் 8 என்பதற்கும் மீதி ஒன்றே. இந்த உண்மையை அறியாமல் விதியை மட்டும் நெட்டுருச் செய்வது வீண்.

வகுத்துப் பாருங்கள்: 1,67,427. மீண்டும் வகுக்க 18,603; மீண்டும் 2,067. இதன் இலக்கக் கூட்டுத்தொகை 15. எனவே 9 செல்லாது, 3 செல்லும். ஈவு 689. அது 13, 53 என்னும் இரு பகா எண்களின் பெருக்கம். ஆக, நம் எண்ணில் 3 ஏழு முறை அமைந்துள்ளது! எண்களுள் 2,187க்கு ஒன்றே இவ்வாறு 3ஐ ஏழு முறை தாங்கும்.

ஆனால் வெவ்வேறு பகாக் காரணிகள் மூன்றே. இதில் வியப்பில்லை. ஈரோட்டில் பிறந்த இராமானுசன், ஹார்டியுடன் 1917இல் நிறுவிய தேற்றத்தின்படி, இவ்வளவு பெரிய எண்களுக்கு வெவ்வேறு பகாக் காரணிகள் பெரும்பாலும் மூன்றை ஒட்டியே இருக்கும்.

தன்னை நீக்கிய ஏனைய வகுத்திகளின் கூட்டுத்தொகை 9,72,837, எண்ணைவிடக் குறைவு. ஆதலால் இது 'குறை எண்'. தன் இலக்கக் கூட்டுத்தொகையாகிய 27ஆல் மீதியின்றி வகுபடுவதால், தேவளாலிப் பள்ளி ஆசிரியர் காப்ரேக்கர் 'ஹர்ஷத்' எனப் பெயரிட்ட வகையிலும் சேரும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டே எண்களை ஆராய்ந்த அவரை எண்ணுகையில் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

27 நட்சத்திரங்களோடு இதை முடிச்சிட்டு மாவட்டத்துக்குச் சோதிடம் சொல்ல எவரேனும் புறப்படலாம். அவரிடம் ஒரு குழந்தை கூடுதலாகப் பிறந்ததாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 15,06,844! இது 3ஆலும் வகுபடாது, ஹர்ஷத்தும் அன்று.

வகுத்தல் சொல்லாத ஒன்றைக் கழித்தல் சொல்லும். அக்கணக்கெடுப்பில் ஆண்கள் 7,74,303, பெண்கள் 7,32,540. வேறுபாடு 41,763. அதாவது ஆயிரம் ஆண்களுக்கு 946 பெண்கள். இந்த 41,763உம் 3ஆல் வகுபடும்; அதை அறிந்து பயனென்ன? பெண் மகவை வேண்டாமெனத் தள்ளும் கொடுமை இப்பகுதிகளில் நிலவியமையால், 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் நம் மாவட்டத்துக்கும் விரிவாக்கப்பட்டது. அடுத்த கணக்கெடுப்பின் எண்கள் வெளிவரும்போது காரணிகளைப் பிறகு தேடுங்கள்; முதலில் இந்தக் கழித்தலைச் செய்து பாருங்கள்.