பேக்கப்பையும் பூட்டிவிடுகிறார்கள்

2023 ஆகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் மின்னஞ்சல் சேவையை, தரவைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் முடக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் சிக்கின. சேவை விரைவிலேயே திரும்பிவிட்டது. ஆனால் மே 17க்குப் பிறகு வந்த மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. ஆன்லைனில் இருந்த பேக்கப்பையும் சேர்த்தே பூட்டிவிட்டார்கள். நெட்வொர்க்கிலிருந்து கழற்றித் தனியே வைத்த பிரதி அந்த மூன்று மாதத்துக்கு மேலான காலத்துக்கு இல்லவே இல்லை.

இது துரதிர்ஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. ரேன்சம்வேர் கும்பல்கள் உள்ளே நுழைந்ததும் கோப்புகளைப் பூட்டுவது அபூர்வம். பல நாள் சத்தமில்லாமல் உலவி, அட்மின் பாஸ்வேர்டைக் கைப்பற்றி, பேக்கப் எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள். விண்டோஸ் தானாக எடுத்து வைத்திருக்கும் பழைய பிரதிகளை அழிக்க ஒரே ஒரு வரி கட்டளை போதும். பேக்கப் சர்வருக்கும் அதே பாஸ்வேர்டு என்றால், வீட்டுச் சாவியோடு பீரோ சாவியையும் கோர்த்துக் கொடுத்த கதைதான்.

டென்மார்க்கின் கிளவுட்நார்டிக் நிறுவனத்துக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. அது மற்ற நிறுவனங்களின் இணையதளங்களைத் தன் சர்வர்களில் வைத்துப் பராமரித்த நிறுவனம். டேட்டா சென்டர் மாறும்போது, ஏற்கெனவே தொற்றியிருந்த சர்வர்களை உள் நெட்வொர்க்கில் இணைத்தார்கள். 2023 ஆகஸ்ட் 18 அன்று நிர்வாக சிஸ்டம், பேக்கப், இரண்டாவது பேக்கப் என்று எல்லாமே பூட்டப்பட்டன. பெரும்பாலான வாடிக்கையாளர்களின் தரவு முழுவதும் போயிற்று. பிரதிகள் எத்தனை இருந்தாலும், ஒரே வழியில் எல்லாவற்றையும் எட்ட முடிந்தால் அவை ஒன்றுக்குச் சமம்.

அதனால்தான் ‘மாற்ற முடியாத சேமிப்பு’ இன்று முக்கியமாகிறது. பேக்கப் எழுதப்படும்போதே ஒரு கெடு தேதி அதில் பதிகிறது. 30 நாள் என்றால், அதுவரை யார் அழிக்கச் சொன்னாலும் ஸ்டோரேஜ் மறுத்துவிடும். அமேசானின் எஸ்3 சேவையில் 2018 முதல் இந்த வசதி உண்டு. அதன் கடுமையான அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், கணக்கின் தலைமை அட்மினாலும் கெடுவுக்கு முன் கோப்பை நீக்க முடியாது. சொந்த அலுவலகத்தில் இதை அமைப்பவர்கள் கடிகாரத்தையும் காக்க வேண்டும். சர்வரின் தேதியை ஓர் ஆண்டு முன்னே தள்ளிவிட்டால், கெடு முடிந்ததாக அது நம்பிவிடக்கூடும்.

பழைய காந்த டேப்புக்கும் மதிப்பு குறையவில்லை. டிரைவிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்த டேப்பை எந்தக் கட்டளையும் எட்டாது. டிரைவிலேயே கிடக்கும் டேப்புக்கு இந்தக் காப்பு கிடையாது.

பிரதி தப்பினாலும் மீட்பு உடனே முடிந்துவிடாது. 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பூட்டப்பட்டது. தாக்குதலுக்குத் தப்பிய ஒரு பேக்கப் சர்வரிலிருந்து இ-ஹாஸ்பிடல் தரவு முழுவதையும் மீட்டுவிட்டார்கள். ஆனாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் நோயாளிகளின் பதிவு காகிதத்தில்தான் நடந்தது. நல்ல பிரதி கையில் இருக்கும்போதே இவ்வளவு நாள் ஆகிறது. ஆகவே பேக்கப்பைத் தனி சர்வரில் ஏற்றி, முழுவதும் திரும்புகிறதா, எத்தனை மணி நேரம் ஆகிறது என்று தாக்குதல் வருவதற்கு முன்பே ஒத்திகை பார்த்து எழுதி வைக்க வேண்டும்.