பழைய பிக்கப் வண்டி வாங்குமுன்

நாஞ்சில் நாட்டு உழவர் மாடு வாங்கச் செல்லும்பொழுது வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பர், சுழி பார்ப்பர், நுகத்தில் பூட்டி நடத்திப் பார்த்த பின்னரே முன்பணம் கொடுப்பர். பல இலட்சம் ரூபாய் விலையுள்ள டீசல் பிக்கப் வண்டியை வாங்கும்பொழுதோ, புதிய வர்ணத்தையும் தரகரின் பேச்சையும் நம்பிவிடுகின்றனர். அது சங்கத்திற்கென வாங்கும் வண்டியாயின், நஷ்டத்தைச் சுமப்பவர் பங்குத்தொகை செலுத்திய அங்கத்தினர் அனைவருமாவர்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கத்திற்கு ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். கிடங்கின் பின்புறம் பிக்கப் வண்டியொன்று புல் மண்டிக் கிடந்தது. அதற்கான கடன் தவணை மாதந்தோறும் சென்றுகொண்டிருந்தது. வாழைக்குலை ஏற்றுவதற்கு வாடகை வண்டிக்கும் பணம் சென்றுகொண்டிருந்தது. அவ்வண்டி முன்பு கடற்கரையில் மீன் ஏற்றியது. பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புநீர் அடிச்சட்டத்தை அரித்திருந்தது. மேலே பூசிய கறுப்பு வர்ணம் துருவை மறைத்திருந்தது. தகுதிச் சான்றைப் புதுப்பிக்கச் சென்றபொழுதுதான் உண்மை வெளிப்பட்டது. தீர்மானப் புத்தகத்தில், ‘வண்டியை நேரில் பார்த்துத் திருப்தியடைந்தோம்’ என ஒரே வரி இருந்தது. பார்த்தவர் யார், எதைப் பார்த்தார் என்பதற்குக் குறிப்பில்லை. முந்தைய ஆய்வில் அவ்வரியைப் படித்துக் கையொப்பமிட்டவன் நானே. அக்குறையை உணர்ந்தே இதனை எழுதுகிறேன்.

முதலிற் பார்க்க வேண்டியது எஞ்சினன்று, அடிச்சட்டமே. எஞ்சினைப் பிரித்துச் சீர்செய்யலாம். அரித்துப்போன சட்டத்திற்குப் பரிகாரம் அரிது. வண்டியின் கீழே புகுந்து சிறு சுத்தியலால் தட்டுக. நல்ல இரும்பு கணீரென ஒலிக்கும். அரித்தது மந்தமாக ஒலிக்கும். புதிய வெல்டிங் தழும்புகளையும், வில் பட்டைகளில் விரிசலையும் நோக்குக. நம் மாவட்டத்தில் 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியது. 2021 நவம்பரில் பெருவெள்ளம் வந்தது. ஆகவே வண்டி நீரில் மூழ்கியதா என்பதையும் ஆராய்தல் வேண்டும். இருக்கையின் அடியிலும், விளக்குகளின் உள்ளும், மின்கம்பி இணைப்புகளிலும் வண்டல் படிந்திருந்தால் விலகிவிடுவதே நன்று. மீன் வாடை ஊறிய வண்டியோ தோவாளைப் பூவிற்கும் ஆகாது, வடசேரிக் கைத்தறித் துணிக்கும் ஆகாது.

அடுத்தது எஞ்சின். அதிகாலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுதே செல்லுக. முன்மூடியைத் தொட்டுச் சூடாக இருந்தால், கிளப்புவதில் உள்ள குறையை மறைக்க முன்னரே ஓட்டி வைத்திருக்கலாம். கரும்புகை தொடர்ந்து வந்தால் டீசல் சரிவர எரியவில்லை. காற்று வடிகட்டியிலோ நாசிலிலோ குறை இருக்கலாம். நீலப்புகை, ஆயில் எரிவதைக் காட்டும். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும். குளிர்ந்த எஞ்சினில் சிறிது வெண்புகை வருவது இயல்பே. சூடான பின்னும் வருமாயின் ஐயுறுக. ஆயில் பாற்றேநீர் நிறமாயிருந்தால் தண்ணீர் கலந்துள்ளது. எஞ்சின் ஓடும்பொழுது ஆயில் மூடியைத் திறந்து பார்க்க. புகை பலமாகக் குமுறி வெளிவந்தால் பெருஞ்செலவு காத்திருக்கிறது.

பின்பு பாரம் ஏற்றி, பேச்சிப்பாறை போன்ற ஏற்றமுள்ள சாலையில் ஓட்டிப் பார்க்க. எஞ்சின் இரைந்தும் வேகம் கூடாவிடில் கிளச் தேய்ந்துள்ளது. பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கலாகாது. டயரின் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரமோ சட்டமோ கோணியிருக்கலாம். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்கள் அது செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 1921 எனில் 2021-ஆம் ஆண்டின் 19-ஆம் வாரம்.

இனி, ஆவணங்கள். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யுடன் நேரில் ஒப்பிடுக. எண் சுரண்டப்பட்டிருந்தால் பேச்சையே முடித்துவிடுக. ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35 பெறாமல் முழுத் தொகையைக் கொடுக்கலாகாது. சரக்கு வண்டிக்கு எட்டு ஆண்டு வரை இரண்டாண்டிற்கொரு முறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பித்தல் வேண்டும். களியக்காவிளைக்கு அப்பாலிருந்து விலை மலிவாக வரும் கேரளப் பதிவு வண்டிக்குத் தடையின்மைச் சான்றும், தமிழ்நாட்டு வரியும், புதிய பதிவெண்ணும் தேவைப்படும். அச்செலவையும் விலையுடன் கூட்டுக.

மோட்டார் வாகனச் சட்டப்படி, ஒரே மாநிலத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் உரிமை மாற்றத்தைத் தெரிவித்தல் வேண்டும். பெயர் மாற்றாது விற்ற வண்டி விபத்துக்குள்ளானால், பதிவில் உள்ளவரே நஷ்டஈட்டிற்குப் பொறுப்பாளி என 2018-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தம் பழைய வண்டியை விற்கும் சங்கங்கள் இதனை மறவாதிருத்தல் நலம்.

நிர்வாகக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். விற்பவர் அழைத்து வராத மெக்கானிக் ஒருவர், வண்டி ஓட்டத் தெரிந்த அங்கத்தினர் ஒருவர், செயலாளர் ஆகிய மூவரும் வண்டியைப் பரிசோதித்துத் தாம் கண்டவற்றை எழுதிக் கையொப்பமிட்டுத் தீர்மானத்துடன் இணைப்பார்களாக. விலையுடன் டயர், பேட்டரி, பழுது, இன்ஷூரன்ஸ் ஆகிய செலவுகளைக் கூட்டி, வாடகைச் செலவுடன் ஒப்பிடுவார்களாக. வாடகையே மலிவாயின் வாங்காதிருப்பதும் நல்ல நிர்வாகமே. ‘நேரில் பார்த்தோம்’ என்னும் ஒற்றை வரியை இனி எச்சங்கத்திலும் நான் ஏற்பதாக இல்லை.