படத்துக்கும் தாய்ப்பத்திரம் வேண்டும்

மளிகை மொத்த வியாபாரிக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று சிரிக்க வேண்டாம். பட்டதைத்தான் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், துடியலூரில் என்னிடம் 60,000 ரூபாய் நிலுவை வைத்திருந்த சில்லறைக் கடைக்காரர் ஒருவர், கடையை மூடும்போது பணத்துக்குப் பதிலாகச் சட்டம் போட்ட படம் ஒன்றைக் கொண்டுவந்தார். உருவம் எதுவும் இல்லை. நீலமும் காவியும் கலந்த பேஸ்டல் தீட்டல். "சோழமண்டல ஓவியர் வரைஞ்சதுங்க, மில் முதலாளி வீட்ல இருந்தது" என்றார். பேரேட்டில் அவர் கணக்கை நேர் செய்தேன்.

சோழமண்டலம் என்ற பெயருக்கு மதிப்பு உண்டு. 1911-ல் நம் கோவையில் பிறந்த கே.சி.எஸ். பணிக்கர், சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர். 1966-ல் ஓவியர்களைச் சேர்த்து ஈஞ்சம்பாக்கத்தில் அந்தக் கிராமத்தை உருவாக்கினார். பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்று, அந்த வருமானத்தில் அவர்கள் ஓவியம் வரைந்தார்கள்.

படத்தை விற்கச் சென்னைக்குப் போனேன். ஓவிய வியாபாரி முதலில் பார்த்தது படத்தின் பின்பக்கத்தை. கண்காட்சிச் சீட்டு இல்லை, ரசீது இல்லை. எந்த மில் முதலாளி என்று கேட்டார்; எனக்குத் தெரியவில்லை. "கையெழுத்தை யார் வேண்டுமானாலும் போடலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நியூயார்க்கில் 1846-ல் தொடங்கிய நோட்லர் ஓவியக்கூடம், பெயர் வெளியிட விரும்பாத சேகரிப்பாளருடையவை என்ற கதையோடு வந்த அருவ ஓவியங்களை ராத்கோ, பொல்லாக் பெயரில் பல கோடி டாலருக்கு விற்றது. எல்லாம் அதே ஊரில் ஒருவர் வரைந்த போலிகள். 2011-ல் கூடம் மூடப்பட்டது.

நிலம் வாங்கினால் தாய்ப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் பார்க்கிறோம். படத்துக்கும் அப்படியே. வரைந்தவரில் தொடங்கி விற்பவர் வரை யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற விவரம், ரசீது, கண்காட்சிப் பட்டியல், பழைய புகைப்படம் ஆகியவற்றைக் கேளுங்கள். தாளும் போலியாகலாம், கொடுத்த இடத்தில் விசாரியுங்கள். பேஸ்டல் பொடி தாளில் இறுகப் பிடிக்காது, விரல் பட்டாலே கலையும். கண்ணாடி தாளில் உரசாதபடி இடைவெளி விட்டுச் சட்டம் போட வேண்டும். ஈரச்சுவரும் வெயிலும் ஆகாது.

என் படம் கடை மாடியில் தொங்குகிறது. அசலா, போலியா என்று சொல்ல ஆதாரம் இல்லை. கொடுத்தவர் பொய் சொன்னதாகவும் நான் நினைக்கவில்லை. ஆனால் அவர் காலமாகிவிட்டார்; இனிக் கேட்க ஆளில்லை. அன்றே நாலு வரி எழுதி வாங்கியிருக்கலாம்.

எதை வாங்கினாலும், கொடுப்பவர் எதிரில் இருக்கும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.