உடப்புக் கரையின் இரு பருவங்கள்

உடப்பு, புத்தளம் மாவட்டத்தின் மேற்குக் கரையில், கடலுக்கும் முந்தல் களப்புக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில் அமைந்த தமிழ் மீனவக் கிராமம். கொழும்பிலிருந்து புத்தளம் வீதியில் சுமார் 100 கிலோமீற்றர் சென்று, சிலாபத்தைத் தாண்டி, பத்துளுஓயாவில் கடற்பக்கம் திரும்பினால் ஊர் வந்துவிடும். வெள்ளவத்தையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் இரவு பஸ்கள் பெரும்பாலும் இந்த வீதியால்தான் போகின்றன. சந்தியைக் கடக்கும் நேரத்தில் பயணிகள் உறக்கத்தில் இருப்பார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து தலவில் தேவாலயத்துக்குப் போகிறவர்களும் பகலில் இதைக் கடந்தே போகிறார்கள். கொழும்புத் தமிழருக்கு இத்தனை அருகில் இருந்தும், நின்று பார்க்கப்படாத ஊர் இது.

இராமநாதபுரக் கரையிலிருந்து தோணிகளில் வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள் தாங்கள் என்பது ஊர் வழக்கு. நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையான கரையில் மீனவர் பலர் ஒரு காலத்தில் தமிழ் பேசினார்கள். 20ஆம் நூற்றாண்டில் பள்ளிக்கூட மொழி சிங்களமாக மாறியபோது பல ஊர்களில் தமிழ் வீட்டுக்குள் ஒதுங்கிக்கொண்டது. உடப்பில் அப்படி நடக்கவில்லை. கோயிலும் பள்ளிக்கூடமும் கடற்தொழிலும் ஒரே மொழியில் நடந்ததால், இங்கே தமிழ் இன்றும் தெருவின் மொழியாகவே இருக்கிறது. ஊரின் எழுத்தாளர்கள் தம் பெயருக்கு முன்னால் ‘உடப்பூர்’ என்று சேர்த்துக்கொள்வதில் தெரியும் பெருமிதம் காரணமில்லாதது அல்ல.

இந்தக் கரையைப் பார்க்க வருகிறவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது மாதத்தை. உடப்பின் ஆண்டு இரண்டாகப் பிரிந்தது. தென்மேற்குப் பருவக்காற்றான சோளகம் வீசும் மே முதல் செப்டெம்பர் வரை மேற்குக் கடல் கொந்தளிக்கும், கரைவலை இறங்காது. ஒக்டோபரில் காற்றுத் திரும்பியதும் கடல் அடங்கி, ஏப்ரல் வரை தொழில் நடக்கும். கடல் மூடியிருக்கும் காலத்தில் கோயில் திறக்கிறது. கடல் திறந்ததும் கோயில் அமைதியாகிறது. ஆடியில் வருகிறவர் தீமிதிப்பைப் பார்ப்பார், வலை இழுப்பதைப் பார்க்கமாட்டார். தையில் வருகிறவருக்கு இது நேர்மாறு. ஒரே பயணத்தில் இரண்டும் கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு புறப்படுவதே நல்லது.

தொழிற்காலத்து உடப்பில் பார்க்கவேண்டியது கரைவலை. வலையில் கட்டிய கயிற்றின் ஒரு முனையைக் கரையில் நிற்பவர்களிடம் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகிறது. அரைவட்டமாக வலையை விட்டுக்கொண்டே போய், மறுமுனைக் கயிற்றோடு சற்றுத் தள்ளி வேறோர் இடத்தில் கரை சேர்கிறது. வலையின் நடுவில் இருக்கும் பைதான் மடி. இரண்டு பக்கமும் இரண்டு வரிசை ஆட்கள் கயிற்றைப் பிடித்து, குதிக்காலை மணலில் ஊன்றிப் பின்னோக்கி நடந்தபடி இழுக்கிறார்கள். மடி கரையை நெருங்க நெருங்க இரு வரிசைகளும் ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. ஒரு வளைப்பு முடியச் சில மணிநேரம் ஆகும். மடி மணலேறும் கடைசி நிமிடங்களில் கரையில் பேச்சு நின்றுவிடும். நெத்தலியா, சூடையா, கும்பளாவா, பாரையா, இல்லை வெறும் சொறியும் பாசியுமா என்பது மடி திறக்கும்வரை யாருக்கும் தெரியாது.

இந்த இழுப்போடு பிறந்தவை அம்பாப் பாடல்கள். ஒருவர் முன்பாட்டு எடுக்க, மற்றவர்கள் பின்பாட்டுச் சொல்லி அந்தத் தாளத்தில் கயிற்றை இழுப்பார்கள். கடவுளை அழைப்பது, காற்றை ஏசுவது, வலைச் சொந்தக்காரரான சம்மாட்டியைச் சாடுவது, காதல், கேலி எல்லாம் அம்பாவில் உண்டு. ஐம்பது கைகள் ஒரே கணத்தில் இழுக்க வேண்டிய தேவையே இந்தப் பாட்டின் இலக்கணம். உழவு இயந்திரத்தில் பொருத்திய வின்ச் இழுக்கத் தொடங்கிய கரைகளில் அம்பாவுக்கு வேலையில்லாமல் போய்விட்டது. மேடையில் பாடப்படும் அம்பாவைக் கொழும்பிலேயே கேட்கலாம். கயிற்றோடு பாடப்படும் அம்பா வேறு. அதைக் கேட்கவென்றே ஒருவர் இந்தக் கரைக்கு வரலாம்.

மீன் கரையிலேயே ஏலம் போகிறது. செலவு போக மிஞ்சியது சம்மாட்டிக்கும் இழுத்தவர்களுக்கும் பங்காகப் பிரிகிறது. விற்று மிஞ்சிய மீன் பெண்களின் கைக்குப் போகிறது: தெரிந்து, கழுவி, உப்பிட்டு, வெயிலில் பரப்பிக் கருவாடாக்குவது அவர்களுடைய உழைப்பு. இந்தக் கரையில் படம் எடுக்க விரும்புகிறவர் முதலில் கேட்க வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் குறுக்கே நிற்கக் கூடாது. கயிறு ஓடும் பாதையைத் தாண்டுவது ஆபத்தும்கூட.

இனி ஆடி மாதத்து உடப்பு. ஊரின் நடுநாயகம் திரௌபதை அம்மன் ஆலயம். 18 நாள் பாரதப் போரை நினைவூட்டும் 18 நாள் விழா, கொடியேற்றத்தில் தொடங்கித் தீமிதிப்பில் முடிகிறது. இடையில் வரும் நாட்களில் பாரதக் கதையின் கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சடங்கில் நிகழ்கின்றன. திருக்கல்யாணம், வனவாசம், அருச்சுனன் தவம் எல்லாம் பார்வையாளருக்கான நாடகமாக நடப்பதில்லை. ஊரவருக்கு அவை அந்தந்த நாளில் உண்மையில் நடக்கின்றன. தமிழகத்தில் செஞ்சி வட்டாரத்திலும், கிழக்கிலங்கையில் பாண்டிருப்பிலும் இதே வழிபாடு வேரூன்றியிருக்கிறது. மேற்குக் கரையில் அதன் பெரிய இடம் உடப்பு. கட்டைகள் எரிந்து தணலான குழியில், நோன்பிருந்த அடியார்கள் மஞ்சள் உடுத்து இறங்கும்போது, சிலாபம், கொழும்புப் பக்கத்துத் தமிழரோடு அயலூர்ச் சிங்கள மக்களும் கூட்டத்தில் கைகூப்பி நிற்பார்கள். தொழிலுக்காக வேறு கரைகளில் வாடி கட்டியிருப்பவர்களும் இந்த நாட்களுக்கு ஊர் திரும்பிவிடுவார்கள்.

உடப்பிலிருந்து தெற்கே சிலாபம். முத்துக்குளிப்பைக் குறிக்கும் ‘சலாபம்’ என்ற சொல்லோடு ஊர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். நகருக்கு அருகில் முன்னேஸ்வரம். ஈழத்து ஈஸ்வரங்களுள் ஒன்று, வடிவாம்பிகை உறையும் தலம். 1578இல் போர்த்துக்கேயர் இடித்த கோயிலை 1753இல் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் திருப்பணி செய்து மீட்டான். வளவுக்குள் காளி, ஐயனார், பிள்ளையார் சந்நிதிகளோடு பௌத்த விகாரையும் உண்டு. காளி சந்நிதியில் நேர்த்தி வைத்து வருகிறவர்களில் பெரும்பகுதி சிங்கள பௌத்தர்கள். முன்னேஸ்வரத்தின் பெருந்திருவிழா ஆடியை அடுத்து ஆவணியை ஒட்டி வருகிறது. உடப்புத் தீமிதிப்புக்கு வருகிறவர் இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம். தெதுருஓயாக் கரையில் உள்ள மானாவரிச் சிவன்கோயில், இராமர் பிரதிட்டை செய்த மணல் லிங்கம் என்று போற்றப்படுவது. கூட்டம் குறைந்த, மனம் நிலைக்கும் இடம்.

சிலாபத்துக்கும் உடப்புக்கும் இடையில் ஆனைவிழுந்தான் சரணாலயம். சுமார் 1,400 ஹெக்டேயர். 2001இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பழைய காலத்துச் சிறு குளங்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நீர் வழியும்படி தொடராக அமைந்திருக்கின்றன. குளம், கண்டல் காடு, கடற்கரை மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதே இதன் அருமை. விடியற்காலையில் நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் நிறைந்திருக்கும். ஆனால் இந்தக் கரையின் காயமும் இங்கேதான் கண்ணில் படும். 1980களில் இறால் பண்ணைகளுக்காகச் சிலாபம்–புத்தளம் களப்போரங்களில் கண்டல் வெட்டப்பட்டது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகள் அழிந்தன. கைவிடப்பட்ட குழிகள் உப்பேறிய தரிசாகக் கிடக்கின்றன. 2020இல் சரணாலயத்துக்குள்ளேயே கண்டல் அழிக்கப்பட்டபோது நாடு முழுவதும் எதிர்ப்புக் கிளம்பியது. பின்னர் மீள்நடுகை தொடங்கியது. மீன் குஞ்சு வளரும் தொட்டில் கண்டல். அதை வெட்டிய கை, கரைவலையின் மடியிலிருந்தும் மீனை எடுத்துக்கொண்டது.

வடக்கே பாலாவி வரை போய் இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டிக் குடாநாடு. பாலாவியைச் சுற்றி உப்பளங்கள். வீதியோரம் மேயும் கழுதைகள். வழிநெடுக ஊர்ப்பெயர்களைப் படித்துக்கொண்டு போவதே ஓர் இன்பம்: நுரைச்சோலை, ஆலங்குடா, மாம்புரி, கண்டக்குழி, கப்பலடி. இன்று நுரைச்சோலை என்றால் 900 மெகாவாற் அனல் மின்நிலையமே நினைவுக்கு வருகிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல்லாயிரம் இந்த மண்ணில்தான் தஞ்சம் புகுந்தன. ஓலைக்குடிசை முகாம்களாகத் தொடங்கிய பல இடங்கள் இப்போது ஊர்கள்.

தலவில் புனித அன்னம்மாள் தேவாலயம் இந்தக் குடாநாட்டிலேயே கடலைப் பார்த்து நிற்கிறது. மார்ச்சிலும் ஓகஸ்ற்றிலும் திருவிழா. மன்னாரிலிருந்து கொழும்புக்கு நடந்துபோன போர்த்துக்கேயர் ஒருவர் ஆலமரத்தடியில் உறங்கிக் கனவு கண்டார் என்பது ஒரு வழக்கு. கப்பல் உடைந்து கரையேறிய வணிகர் நேர்த்தியாகக் கட்டினார் என்பது இன்னொன்று. திருவிழாவின்போது கொட்டாஞ்சேனை, நீர்கொழும்புக் குடும்பங்கள் கூடாரம் அடித்து, சமைத்து, நாட்கணக்கில் தங்கும். பாட்டி காலத்திலிருந்து ஒரே மரத்தடியில் தங்கும் குடும்பங்களும் உண்டு.

முனையில் கற்பிட்டி நகரம். ஒல்லாந்தர் கோட்டை 1667க்கும் 1676க்கும் இடையில் கட்டப்பட்டது. இப்போது கடற்படையின் பொறுப்பில் இருப்பதால் அனுமதி பெற்றே உள்ளே போகலாம். 1807இல் இங்கே பிறந்தவர் சைமன் காசிச்செட்டி. 1834இல் இலங்கையின் ஊர்விபரத் தொகுதியையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாறான ‘தமிழ் புளூட்டாக்’கையும் ஆங்கிலத்தில் எழுதியவர். அவருடைய ஊர் என்பதற்காகவே தமிழ் வாசகர் ஒருவர் அந்தத் தெருக்களில் சற்று நடக்க வேண்டும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஓங்கில் கூட்டங்களைப் பார்க்க அதிகாலையில் கற்பிட்டியிலிருந்து படகுகள் போகின்றன. கூட்டத்தைச் சுற்றி வளைத்துத் துரத்தாத படகோட்டியைத் தேர்ந்துகொள்வது பயணியின் பொறுப்பு. 1992இல் சரணாலயமாக்கப்பட்ட பவளப்பாறைத் திட்டு, 1998இல் கடல் சூடேறியபோது பெரிதும் வெளுத்து அழிந்தது. பின்னர் ஓரளவு தழைத்த இடங்களில் இப்போது முக்குளிக்கிறார்கள். சோளகக் காலத்தில் கப்பலடிப் பக்கம் பட்டச் சறுக்கு விளையாட்டுக்காரர்களுக்குச் சொந்தமாகிறது. வலையை முடக்கும் அதே காற்று அவர்களுக்குத் தேவை.

இரண்டு நாள் போதும். கொழும்புக் கோட்டையிலிருந்து புத்தளம் புகையிரதம் மெதுவாகப் போனாலும் தென்னந்தோப்புகளின் நடுவே போகிறது, பஸ் விரைவு. தங்குவதற்குச் சிலாபமோ கற்பிட்டியோ வசதி. உடப்புக்கு விடிவதற்கு முன்பே போய்ச் சேர வேண்டும். முதல் வளைப்பு வெயில் ஏறுமுன் தொடங்கிவிடும். திரும்பும்போது வாங்கக்கூடியது நெத்தலிக் கருவாடு. நன்றாகக் காய்ந்தது ஒடித்தால் ‘டக்’கென்று முறியும்; வளைந்து கொடுத்தால் இன்னும் ஒரு நாள் வெயில் தேவை. கொழும்பு வீட்டின் பல்கனியில் அந்த வெயிலைக் காட்டிவிடலாம்.