பள்ளிவாசல் கஞ்சி வீட்டுப் பானைக்கு வந்த நோன்பு

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை 6 மணிக்கு நாடளாவிய ரீதியில் ஊரடங்குச் சட்டம் அமுலுக்கு வந்தது. அதற்கு மூன்று நாட்கள் முன்னர்தான் பருப்பு கிலோ 65 ரூபா, டின் மீன் 100 ரூபா என்று அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ உச்சபட்ச விலையை அறிவித்திருந்தார். அந்த விலைக்கு விற்கும் கடையைத் தேடிப் பிடிப்பது வேறு விடயம்.

கொரோனா காலத்தைப் பற்றி எமது சமூகத்தில் எழுதப்பட்டவை ஏராளம். நோயாளர் எண்ணிக்கை, வர்த்தமானி அறிவித்தல்கள், அட்டுலுகமையும் அக்குறணையும் முடக்கப்பட்ட மார்ச் இறுதி நாட்கள் என்று எல்லாம் பதிவாகியிருக்கின்றன. பதிவாகாமல் போனது ஒன்று உண்டு. அதே நாட்களில் வீட்டுப் பெண்கள் கைபேசியில் தமக்குள் பேசிக்கொண்டது. சமையல் குரூப், குடும்பக் குரூப், பாடசாலைத் தோழிகளின் குரூப் என்று எல்லாவற்றிலும் காலை சுபஹு முதல் நள்ளிரவு வரை குரல் பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. "இவங்களுக்கு வேற வேல இல்ல" என்று ஆண்கள் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பேச்சில் புழங்கியது வெறும் பொழுதுபோக்கு அல்ல. கடைகள் மூடப்பட்டு, பள்ளிவாசல்களில் ஜமாஅத் தொழுகை நிறுத்தப்பட்டு, ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்த வேளையில் எமது வீடுகளை நடத்திய அறிவு அதில்தான் கைமாறியது.

இதற்கு நல்ல உதாரணம் நோன்புக் கஞ்சி.

2020இல் ரமழான் ஏப்ரல் 25ஆம் திகதி ஆரம்பமானது. எமது ஊர்களில் அஸர் தொழுகைக்குப் பின்னர் பிள்ளைகள் வாளியோடும் தூக்குச் சட்டியோடும் பள்ளிவாசலுக்குப் போய்க் கஞ்சி வாங்கி வருவது தலைமுறைகளாக நடந்து வரும் வழக்கம். அந்த ஆண்டு கஞ்சி விநியோகம் நின்றுபோனது. அப்போதுதான் பல வீடுகளில் ஓர் உண்மை வெளியே வந்தது. நெய்ச்சோறு முதல் வட்டிலப்பம் வரை கை தேர்ந்த உம்மாமாருக்கும் பள்ளிவாசல் கஞ்சி காய்ச்சத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அது பள்ளிவாசலில் அடுப்பு மூட்டும் நானாமாரின் கையில் இருந்த தொழில். அவர்கள் அறிந்த அளவு மூட்டைக் கணக்கிலும் கிடாரக் கணக்கிலும் இருந்தது. நாலு பேருக்கு எத்தனை சுண்டு அரிசி என்று கேட்டால் அவர்களுக்கும் சொல்லத் தெரியாது.

பெரிய கிடாரத்துக் கணக்கை நூறால் வகுத்து வீட்டுச் சட்டியில் போட்டால் கஞ்சி சரிவராது. முதல் நாள் நோன்பு திறக்கும்போதே பலருக்கு இது புரிந்திருக்கும். இதற்கான காரணம் எளியது. பெரிய கிடாரத்தில் உள்ள கஞ்சியின் அளவோடு பார்த்தால், ஆவி பறக்கும் மேற்பரப்பு சிறியது. வீட்டுச் சட்டியில் அது பெரியது. ஆகவே அதே விகிதத்தில் தண்ணீர் வைத்தால் வீட்டுக் கஞ்சி சீக்கிரம் வற்றி, கட்டியான சோறாகிவிடும். இன்னொன்று சூடு. கிடாரத்தின் கீழே விறகை இழுத்துவிட்ட பிறகும் அது நீண்ட நேரம் கொதிநிலைக்கு அருகிலேயே இருக்கும். அரிசி தானாகவே குழைந்து கரையும். வீட்டுச் சட்டி கேஸ் அடுப்பை அணைத்த சிறிது நேரத்தில் ஆறிவிடும். பள்ளிவாசல் கஞ்சியின் அந்த வழுவழுப்பு அப்படித்தான் வீட்டில் தவறிப்போகிறது.

குரல் பதிவுகளில் இதற்கு யாரும் விஞ்ஞானம் பேசவில்லை. தீர்வைப் பேசினார்கள். பச்சரிசியையும் பயறையும் முன்கூட்டியே ஊற வை. அரிசியில் பாதியைக் கையால் நொறுக்கு, அல்லது மிக்ஸியில் ஒரு சுற்று மட்டும் விடு. ஒரு சுண்டு அரிசிக்கு இரண்டாம் பாலும் தண்ணீருமாக எட்டுச் சுண்டுக்குக் குறையாமல் வை, பக்கத்தில் சுடுதண்ணீரையும் தயாராக வைத்துக்கொள். வெந்தயம் சிட்டிகைதான், கூடினால் கசக்கும். உள்ளி, இஞ்சி, கறுவா, ஏலம், ரம்பை முதலிலேயே போகட்டும். முதற்பாலைக் கடைசியில் ஊற்றி, ஒரு கொதி வரும் முன் இறக்கு, இல்லாவிட்டால் பால் திரைந்துவிடும். இறைச்சி கிடைக்காதவர்கள் எலும்புத் துண்டு, அதுவும் இல்லாதவர்கள் வெங்காயத்தைப் பொன்னிறமாகத் தாளித்துக் கொட்டினார்கள். பத்தாம் நோன்புக்குள் நாலு பேருக்கான கணக்கு பல வீடுகளில் பிடிபட்டுவிட்டது. ஆண்களின் கையில் இருந்த ஒரு தொழிலறிவு, யாரும் அறிவிக்காமல், சில வாரங்களில் பெண்களின் கைக்கு மாறியது. இதைச் சிறிய விடயமாக நாம் கருதவில்லை.

கடிக்க என்ன செய்வது என்ற கேள்விக்கு விலை குறித்த டின் மீனே பதிலானது. இறைச்சி சமோசா டின் மீன் சமோசாவானது. கட்லட்டும் ரோல்ஸும் அப்படியே. மீனை நன்றாகப் பிழிந்து தண்ணீரை எடுக்காவிட்டால் ரோல்ஸ் எண்ணெயில் வெடிக்கும் என்பதும் அந்த நாட்களில் அடிக்கடி சொல்லப்பட்ட எச்சரிக்கைகளில் ஒன்று.

அடுத்தது ஈஸ்ட். உலகம் முழுவதும் வீட்டில் பாண் சுடத் தொடங்கியதால் ஈஸ்டுக்குப் பல நாடுகளில் தட்டுப்பாடு. இங்கும் பாண் வண்டி வராத நாட்களில் சின்ன ஈஸ்ட் பக்கற்றுக்கு அலைய வேண்டியிருந்தது. எமக்கு இது பாணோடு மட்டும் முடியவில்லை, அப்பத்தையும் தொட்டது. அப்ப மாவைப் புளிக்க வைக்க இந்த நாட்டில் பழைய வழி கள்ளு. முஸ்லிம் வீடுகளில் அதற்கு இடமில்லை என்பதால் நாம் ஈஸ்டையே நம்பியிருக்கிறோம். அது இல்லாதபோது வயதான பெண்களின் ஞாபகம் உதவிக்கு வந்தது. தேங்காய் உடைக்கும்போது வரும் தண்ணீரில் கொஞ்சம் சீனி கலந்து, அரிசி மாவோடு பிசைந்து, இரவு மூடி வைப்பார்கள். அரிசியிலும் காற்றிலும் இயல்பாக உள்ள நுண்ணுயிர்கள் அந்தச் சீனியைத் தின்று வாயுவை வெளிவிடும், மாவு பொங்கும். அடுத்த நாள் அந்த மாவில் ஒரு கோப்பையை எடுத்து வைத்தால் அதுவே மறுநாளுக்கான புளிமா. எமது வெப்பத்தில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியில் வைத்தால் புளிப்பு கூடிவிடும். அப்பச் சோடா மட்டும் போட்டால் அப்பம் எழும்பும், ருசி வராது. மேலைநாட்டில் இதே வேலையை 'சவர்டோ' என்ற பெயரில் ஒரு கலையாகக் கொண்டாடினார்கள். எமது மூத்தம்மாமார் அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பேச்சில் சந்தைச் செய்தியும் கலந்தே வந்தது. மஞ்சளை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்குமதிக் கட்டுப்பாட்டால் சில நூறு ரூபாவாக இருந்த ஒரு கிலோ மஞ்சள் ஆயிரக்கணக்கில் ஏறியது. இந்தியக் கரையிலிருந்து படகில் கடத்தி வரப்பட்ட மஞ்சள் மூட்டைகளைக் கடற்படை பிடிப்பது வாராந்தச் செய்தியானது. மாவும் சாயமும் கலந்த தூள் கடைகளுக்கு வந்தது. எந்தக் கடைத் தூள் கறியில் கொழகொழக்கிறது என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொன்ன பிறகுதான் பல வீடுகளில் காசு தப்பியது. மஞ்சள் தூள் கறியைத் தடிப்பாக்காது, மாவுதான் தடிப்பாக்கும் என்பதை ஒரு சமையற்காரிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இங்கே இடையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகத்தின் உணவில் மலட்டு மாத்திரை கலந்திருப்பதாகக் கிளம்பிய வதந்தியில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வாளரின் அறிக்கை, மாதிரியில் இருந்தது வெறும் மாப்பொருள் என்றது. கொதிக்கும் குழம்பில் காய்ந்த மாவை நேரே போட்டால் வெளிப்புறம் உடனே வெந்து ஒட்டிக்கொள்ளும், உள்ளே மாவு காய்ந்தபடியே கட்டியாக நிற்கும். சிங்களப் பெண்ணானாலும் தமிழ்ப் பெண்ணானாலும் முஸ்லிம் பெண்ணானாலும், குழம்பு வைத்த எவருக்கும் இது தெரியும். அன்றிரவு அம்பாறையில் அந்த அறிவை யாரும் கேட்கவில்லை. சமையலறை அறிவை அறிவாகக் கணக்கெடுக்காததற்கு ஒரு சமூகம் கொடுக்கும் விலை சில வேளைகளில் அவ்வளவு பெரியது.

2020 ஒக்டோபரில் பேலியகொட மீன் சந்தையில் தொற்று பரவியதும் நாடே மீனைக் கண்டு ஒதுங்கியது. நவம்பரில் முன்னாள் கடற்றொழில் அமைச்சர் திலிப் வெதஆரச்சி ஊடகங்களுக்கு முன்னால் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். அந்தக் காணொளியைப் பார்த்துச் சிரித்த குரூப்களிலேயே பயனுள்ள பேச்சும் நடந்தது. மீனைச் சவர்க்காரம் போட்டுக் கழுவலாமா? கூடாது, சவர்க்காரம் சதைக்குள் இறங்கும், மீனை வெட்டிய பிறகு கையையும் பலகையையும் கழுவு. கொதிக்கும் ஆணத்தில் கிருமி தப்பாது, சந்தை நெரிசலில்தான் ஆபத்து. சுகாதார அதிகாரிகள் சொன்னதும் ஏறத்தாழ இதுவே. ஆனால் அவர்களின் அறிக்கையை வாசிக்காத வீட்டுக்கும் ராத்தாவின் குரல் போய்ச் சேர்ந்தது.

எல்லா நாட்களும் சமையல் நாட்களாக இருக்கவில்லை. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வர்த்தமானி, கொரோனாவால் இறந்தவர்களின் உடல்களை எரிப்பதைக் கட்டாயமாக்கியது. டிசம்பர் 9ஆம் திகதி பிறந்து 20 நாட்களேயான ஒரு குழந்தை பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை வேலியில் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். ஓட்டமாவடியில் முதல் அடக்கம் 2021 மார்ச் 5ஆம் திகதிதான் நடந்தது. பின்னர் அங்கு 3,600க்கும் மேற்பட்டோர் அடக்கப்பட்டார்கள். அந்த மாதங்களில் சமையல் குரூப் ஒன்றில் ஒரு பெண்ணின் வாப்பா மௌத்தாகிவிட்டார் என்ற செய்தி வந்தால், அதற்குக் கீழே என்ன எழுதுவது?

மௌத்து வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, அயலவர்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்பது எமது வழக்கம். ஆனால் மௌத்து வீடு தனிமைப்படுத்தப்பட்டிருக்கிறது, வாசலில் அறிவித்தல் ஒட்டப்பட்டிருக்கிறது, வீட்டாரில் சிலர் தனிமைப்படுத்தல் நிலையத்துக்கு பஸ்ஸில் ஏற்றப்பட்டுவிட்டார்கள். ஜனாஸாவைக் குளிப்பாட்ட முடியாது, முகம் பார்க்க முடியாது, போய்க் கட்டிப்பிடித்து அழவும் முடியாது. செய்ய முடிந்த ஒரே கடமை சாப்பாடு. ஆகவே சமோசா மடிப்பது எப்படி என்று பேசிய அதே குரூப், காலைச் சாப்பாடு யார், பகல் யார், இரவு யார் என்று 14 நாட்களுக்கு முறை பிரித்தது. திருப்பிக் கழுவித் தர வேண்டாத பழைய ஐஸ்கிறீம் பெட்டிகளில் சோறு போனது. கேற்றில் தொங்கவிட்டு, தள்ளி நின்று அழைப்பெடுத்து, கதவு திறக்கும்வரை பார்த்துவிட்டு வந்தார்கள். அந்த வீட்டில் சீனி வருத்தக்காரர் இருக்கிறார், உப்பைக் குறை என்ற தகவல்களும் கூடவே போயின. ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து சாப்பிட்ட சமூகம் அந்த நாட்களில் தன் சஹனை இப்படிப் பிரித்துக் கொடுத்தது.

2020 நோன்புப் பெருநாள் மே 24ஆம் திகதி, நாடு முழுவதும் ஊரடங்கு. வட்டிலப்பத்துக்குக் கித்துள் கருப்பட்டி கிடைக்காதவர்கள் சீனியைக் கருக்கி நிறம் எடுத்தார்கள். அயல் சிங்கள வீட்டுக்குத் தட்டு போகாத பெருநாள் அது. அதைத்தான் பலர் மனக்குறையாகப் பேசிக்கொண்டார்கள், ருசிக் குறைவை அல்ல.

அன்று தொடங்கிய பேச்சில் ஒரு பகுதி இன்று வியாபாரமாகியிருக்கிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் படம் போட்டு சோட்டீட்ஸும் கேக்கும் விற்கும் பெண்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். தேங்காய், முட்டை, கேஸ் என்று எல்லாவற்றையும் கணக்கில் போட்டுவிட்டுத் தன் ஆறு மணித்தியாலத்தை மட்டும் கணக்கில் போடாமல் விலை சொல்வது அவர்களிடம் இன்னும் மாறவில்லை. இதைத் தனியாக எழுத வேண்டும்.

பள்ளிவாசல்களில் கஞ்சிக் கிடாரம் மீண்டும் ஏறிவிட்டது. ஆனால் அந்தக் குரல் பதிவுகள் அழிந்துகொண்டிருக்கின்றன. கைபேசி மாற்றும்போது, இடம் போதவில்லை என்று மகன் ஒரேயடியாக அழிக்கும்போது அவை போய்விடுகின்றன. சிலவற்றில் பேசியவர்கள் இன்று உயிரோடும் இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு குரூப்பின் உரையாடலைக் குரல் பதிவுகளோடு சேர்த்து வெளியே எடுத்துச் சேமிக்கும் வசதி இருக்கிறது. குரூப்பில் உள்ளவர்களின் சம்மதத்தோடு ஒரு பிள்ளை அரை மணித்தியாலத்தில் செய்யக்கூடிய வேலை இது. சேமித்த பிறகு உம்மாவை உட்கார வைத்துக் கேட்டு, யார் பேசுவது, எந்த ஆண்டு, ஒரு சுண்டு என்று அவர் சொல்வது எந்தக் கோப்பை என்று ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோப்பை வீட்டுக்கு வீடு வேறுபடும்.